லெமிகனின் பாவம்

பரிசுத்தவான்களுக்குச் சாவு கிடையாது என்பதுதான் அந்தக் கடலோரக் குடியிருப்பின் விசுவாசம். சேற்றில் மரக்கால் ஊன்றி வீடு கட்டி, எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சமைத்து, தங்களுக்கென்று ஒரு வலைகூட இல்லாமல் வாழ்ந்தார்கள். அப்படியும் யாராவது செத்துப்போனால், அவர் ஒளித்து வைத்த பாவமே அவரைக் கொன்றது என்று அர்த்தம். அவருக்காக அழுவதும் பாவம்.

ஃபெயிசராவின் கணவன் லெமிகன் காய்ச்சலில் போய்விட்டான். மாலைக் கூட்டத்தில் சபையை நடத்தும் மூப்பர் முன்னால் அவனுடைய பாவத்தை அவள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பாவம் அவள் தலையில் விழும், படகேற்றி அனுப்பிவிடுவார்கள். மகள் அயோகா சபையின் பிள்ளை, அவள் இங்கேயே பிள்ளைகள் விடுதியில் இருந்துவிடுவாள்.

பொது அடுக்களையில் மரவள்ளி உரிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த எபுன் கேட்டாள்.

"ஏதாவது தேறிச்சாக்கா?"

"ஒண்ணும் அகப்படல."

"என் வீட்டுக்காரரா இருந்தா நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள மூப்பருக்குப் பசி வந்துடும்."

ஃபெயிசரா சிரித்துவிட்டாள். பிறகு கத்தி கையிலேயே நின்றது.

கூட்டத்தில், அடுக்களையிலிருந்து அவன் ஒரு புகைமீன் எடுத்துத் தின்றதைச் சொன்னாள்.

"அதுக்கெல்லாம் ஆள் சாகும்னா, இங்க யாரும்மா மிஞ்சியிருப்போம்?" என்றார் மூப்பர். கனிவாகத்தான் கேட்டார். "படகு தயாரா இருக்கு. யோசிச்சுச் சொல்லு."

பிள்ளைகள் வரிசையில் அயோகா உட்கார்ந்திருந்தாள்.

"அழுவாரு," என்றாள் ஃபெயிசரா. "எங்க மூத்த பையன் செத்துப்போனதுலேர்ந்து. கரையில இல்ல, நடுக்கடல்ல. வலைய வீசிட்டு உக்காந்து அழுவாரு."

கூட்டம் பெருமூச்சு விட்டது. எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

"நீ பார்த்தியா?"

"ஒரு தடவ அவரோட படகுல போனேன்."

"நீயும் அழுதியா?"

அன்று படகில் அவன் மடியில் முகம் புதைத்து, குரல் கட்டும்வரை அழுதது அவள்தான். அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அழுதான்.

"இல்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

மூப்பர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். எல்லோரும் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் அயோகா ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நீ போகமாட்டல்லம்மா?"

"போகமாட்டேன்."

"அப்பாவாலதான நீ போக வேண்டியிருந்திருக்கும்? கெட்ட அப்பா."

ஃபெயிசரா மகளின் தலையைத் தன்னோடு அழுத்திக்கொண்டாள். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

"ஆமா," என்றாள்.