ஐந்து கிலோமீட்டருக்கு நிற்கக் கூடாது

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு, வெள்ளைப் பட்டுச் சேலையோடு தேயிலைச் சரிவில் நின்றுகொண்டு என் தம்பி மார்கஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவனுடைய புதுக் காரின் பின் டயரில் ஆணி ஏறியிருந்தது. அதற்கு நான் திட்டவில்லை. ஆணி யார் காரிலும் ஏறும். மாற்று டயர் எங்கே என்று கேட்டதற்கு, இந்த மாடலுக்கு ஸ்பேர் டயரே கிடையாது என்று பெருமையாகச் சொன்னான் பாருங்கள், அதற்குத்தான் திட்டினேன்.

அம்மா, அப்பா எல்லாரும் வேனில் முன்னாலேயே கீழே தானா ராத்தா டவுனில் இருக்கும் மாதா கோயிலுக்குப் போய்விட்டார்கள். பதினொன்றுக்குப் பூசை. ஆனால் என் பயம் கோயிலைப் பற்றியது அல்ல. மாப்பிள்ளை கிளாரன்ஸ் எனக்காக ஆறு வருஷம் காத்திருந்தவன், இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தால் தேய்ந்துவிட மாட்டான். என் பயமெல்லாம் பெரியக்கா பவளத்தைப் பற்றித்தான்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயசு. தேயிலை ஃபாக்டரியில் தூள் தரம் பிரிக்கிறாள். அவளுக்கு வரன் ஒன்றும் அமையாமல் எனக்குக் கல்யாணம் முடிவானதிலிருந்து, எட்டு மாசமாய் என்னோடு பேச்சில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் நம்பரை பிளாக் செய்து வைத்திருந்தாள் மகராசி. கோயிலுக்கு வரவே மாட்டேன் என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அம்மா அழுது கெஞ்சியதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டாள். எங்கள் தோட்டத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிற குடும்பமானாலும், கல்யாணப் பெண்ணின் கார் கொழுந்து நிறுக்கும் கொட்டகை முச்சந்தியில் நிற்க வேண்டும். வீட்டின் மூத்தவள் சர்க்கரைத் தட்டோடு வந்து பெண்ணின் வாயில் ஒரு சிட்டிகை போட்ட பிறகுதான் கார் கீழே இறங்கும். அதைச் செய்கிறேன், பேச்சு மட்டும் கிடையாது என்றாள். எனக்கு அது போதும். அந்த ஒரு சிட்டிகைக்காக மனசு கிடந்து ஏங்கியது.

மார்கஸ் டிக்கியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். உள்ளே காற்றடிக்கும் குட்டி மிஷினும், ஷாம்பு மாதிரி ஒரு பாட்டிலும் இருந்தன. பாட்டிலில் இருக்கும் பசை டயருக்குள் போய் ஓட்டையை அடைக்குமாம். பெட்டியில் இருந்த விளக்கத் தாளைப் படிக்காமலேயே வேலையில் இறங்கினான். நான் வாங்கிப் படித்தேன். ஆணியைப் பிடுங்காதே என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. அவன் கையில் குறடு. மண்டையில் ஒன்று வைத்தேன்.

பாட்டிலைக் குலுக்கி, மிஷினில் கவிழ்த்து மாட்டி, குழாயை டயர் வால்வில் திருகினோம். ஒயரைக் காருக்குள் சொருகி எஞ்சினை ஓடவிட்டதும் மிஷின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. முள் சிவப்பு வரைக்கும் எகிறியது. டயர் வெடிக்கப் போகிறது, சேலை போச்சு என்று தேயிலைச் செடிக்குப் பின்னால் போய்ப் பதுங்கினேன். திடீரென்று முள் இறங்கியது. பசை உள்ளே போய்ச் சேர்ந்தால் அப்படித்தான் இறங்குமாம், பிறகு காற்று மெல்ல ஏறுமாம். ஏறவும் செய்தது. அப்பாடா என்று கடைசி வரிக்கு வந்தேன். உடனே கிளம்பி ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட்ட வேண்டும், நின்றால் பசை அடியில் தேங்கிவிடும் என்று இருந்தது.

முச்சந்திக்கு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

வேறு பாதை கிடையாது. போன் பண்ணலாம் என்றால் அந்தச் சரிவில் லைன் கிடைக்காது, கிடைத்தாலும் அவள்தான் பிளாக் பண்ணியிருக்கிறாளே. நின்றால் டயர் போகும், இன்னொரு பாட்டிலும் இல்லை. நிற்காவிட்டால் அக்கா போவாள். இருதலைக் கொள்ளி எறும்பாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மார்கஸ் காரைக் கிளப்பிவிட்டான்.

முச்சந்தியில் பெரியக்கா பச்சைச் சேலை கட்டி, தட்டோடு நின்றிருந்தாள். கொட்டகையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பங்களாதேஷ் ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மார்கஸ் நடை வேகத்துக்குக் குறைத்தான், ஆனால் நிறுத்தவில்லை. கார் தன்னைத் தாண்டி உருண்டபோது அவள் முகத்தைப் பார்த்தேன். நான் வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறேன் என்று நினைத்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

கதவைத் திறந்தேன். "பெரியக்கா, கார நிறுத்த முடியாதுலா. டயர்ல பசை ஊத்தியிருக்கு. நீ ஏறு."

அவள் குனிந்து டயரைப் பார்த்தாள். அப்புறம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் ஆட்கள் கைதட்டினார்கள். தட்டோடு உள்ளே விழுந்தாள். பாதிச் சர்க்கரை என் மடியில், மீதி அவள் கொண்டையில். தட்டில் ஒட்டியிருந்ததை வழித்து என் வாயில் திணித்தாள், கொஞ்சம் விட்டால் விரலைக் கடித்திருப்பேன். திணித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. இறக்கி விடுடா என்றாள். இன்னும் நாலரைக் கிலோமீட்டருக்கு முடியாது என்றான் மார்கஸ்.

அப்போது ஒரு பிடி பிடித்தாள் பாருங்கள். எட்டு மாசத்துப் பேச்சும் அந்த நாலரைக் கிலோமீட்டரில் வந்தது. கார் வாங்கத் தெரியாத தம்பி, பெண் பார்க்க வந்த அன்று அவள் பங்கு வடையையும் சேர்த்துத் தின்ற கிளாரன்ஸ், தனக்கு முன்னால் அவசரப்பட்ட நான், ஒருத்தரையும் விடவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி" என்றாள். கேட்கவில்லை. பயந்துகொண்டு அம்மாவை விட்டுச் சொல்ல வைத்தேன். தப்புத்தான் என்றேன்.

ஐந்து கிலோமீட்டர் முடிந்ததும் ஸ்ட்ராபெரி கடை ஓரத்தில் மார்கஸ் காரை நிறுத்தினான். காற்றை அளந்து பார்க்கக் கீழே இறங்கினான். கதவு அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எதிர்ப்பக்கம் தோட்டத்து லோரி ஒன்று மேலே போகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் ஏறி அவள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம், எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"கார் நின்னுருச்சு பெரியக்கா. எறங்குறியா?"

அவள் ஜன்னலை இறக்கி மார்கஸைப் பார்த்தாள்.

"என்னடா தடவிக்கிட்டு இருக்க? சீக்கிரம் வந்து கார எடு. பூசைக்கு நேரமாகுது."