ஓடு பிரித்த பந்தல்

விடிந்ததிலிருந்து கசில்தா ஏழாவது முறையாக முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். உத்திரங்களின் மேல் அவள் இழுத்துக் கட்டிய திராட்சைக் கொடி இன்னும் கவிழ்ந்தே கிடந்தது. இலைகளின் பளபளப்பான மேற்பக்கம் கீழே தெரிந்தது. நேற்றுக் கட்டிய கொடி என்று கண் உள்ள எவரும் சொல்லிவிடுவார்.

பதினோரு மணிக்கு நகராட்சி ஆய்வாளர் வருகிறார். மேலே ஓடு இருந்தால் அது போர்ச்சே. வீட்டின் அளவில் சேரும். அனுமதி வாங்காததை உத்திரத்தோடு இடிக்க வேண்டும். வெறும் கொடி படர்ந்திருந்தால் அது எம்பராதோ, யாரும் கேட்க மாட்டார்கள். நிழல் என்னவோ ஒரே நிழல்தான். அதனால் அவளும் அவள் தம்பியும் இரண்டு நாளாக ஓடுகளை இறக்கி, கோழிக்கூண்டுக்குப் பின்னால் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஆய்வாளர் போனதும் மறுபடி ஏற்றிவிடலாம்.

கோர்தோபாவின் ஜூலை வெக்கையில் வீட்டுக்குள் மனிதன் இருக்க முடியாது. போன வருடம் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த அவள் கணவன் ஃபெர்மின் பகல் முழுவதும் இந்த நிழலில்தான் சாய்ந்து கிடக்கிறான். இதுவும் போனால் அவனை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்தப் பயம் அவளை ஓர் இடத்தில் உட்காரவிடவில்லை.

"ஆய்வாளர் கேட்டா என்ன சொல்லுவே?" என்று ஃபெர்மினிடம் கேட்டாள்.

"எம்பராதோன்னு சொல்றேன். நாலு குச்சி நட்டேன், கொடி தானா ஏறிக்கிச்சுன்னு சொல்றேன். போதுமா? முப்பது வருஷம் வீடு கட்டினவன் வாயால."

"நீ வாயே திறக்காதே. அது இன்னும் நல்லது."

ஃபெர்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓடு இறங்கியதிலிருந்தே அவன் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஊருக்கெல்லாம் கட்டியவன் தனக்கென்று கட்டியது அந்தப் பந்தல் ஒன்றுதான்.

ஆய்வாளர் கிந்தேரோ வியர்த்து வழிய வந்தார். கசில்தா ஒரு டம்ளர் குளிர்ந்த கஸ்பாச்சோ தக்காளி சூப் கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டே மேலே பார்த்தார்.

"என்ன, இலையெல்லாம் தலைகீழா இருக்கு?"

"நேத்து ஒரே காத்து சார்."

ஒரு வாரமாக அந்த ஊரில் ஓர் இலை அசையவில்லை. கிந்தேரோ சிரித்துவிட்டுத் தாளை எடுத்தார். நல்ல மனிதர், சீக்கிரம் முடித்துக் கிளம்ப நினைத்தார்.

"சரிம்மா, எம்பராதோன்னே போட்டுடறேன். கொடியைத் தாங்க எவனோ நாலு கட்டையை நிறுத்தியிருக்கான். இதுல பார்க்க என்ன இருக்கு?"

நாற்காலி கிறீச்சிட்டது.

"எவனோவா?" ஃபெர்மின் கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டான். "தட்டிப் பாருங்க. ஒரு ஆணி கிடையாது, எல்லாம் மூட்டு. எட்டு வருஷ மழையில ஒரு சொட்டு ஒழுகினதில்ல!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கிந்தேரோவின் பேனா நின்றது.

"கொடி எப்படிங்க ஒழுகாம இருக்கும்?"

கூண்டில் கோழிகள் கொக்கரித்தன. கிந்தேரோ கசில்தாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உடம்பு முடியாததால ஐயாவுக்கு ஞாபகம் கொஞ்சம் தடுமாறுதோ?"

தப்பிக்க வழி அவரே காட்டிவிட்டார். அவள் தலையாட்டினால் போதும். ஃபெர்மினும் அதற்குத் தயாராகிவிட்டவனாகத் தரையைப் பார்த்தான். ஆனால் நின்றுகொண்டிருந்தான். ஒரு வருடமாக அவள் தூக்கிவிடாமல் அவன் எழுந்ததே இல்லை.

இந்தப் பாழாய்ப்போன மனுஷன், என்று கசில்தா பல்லைக் கடித்தாள். விறுவிறுவென்று கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயை இழுத்து வீசினாள். அடுக்கிய ஓடுகள் வெயிலில் சிவந்து தெரிந்தன.

"அவருக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போர்ச்சேன்னு எழுதுங்க சார். கட்டினது ஃபெர்மின் லுசேனா. அதையும் எழுதுங்க."