பறி வாயில் இருந்தது

அன்று அங்கன்வாடியில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த டீச்சர் போட்ட பழக்கம். மகளிர் குழு நோட்டிலும் அப்படித்தான் எழுதி வருகிறேன்.

வாசல் ஓரமாகப் பச்சையம்மா. வெற்றிலை துப்ப வாசல் பக்கத்திலேயே வேண்டும் அவளுக்கு. குழந்தைகள் உட்காரும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் கோவிந்தம்மா. உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை, கூட்டம் முடியும் வரை அதிலேயே இருந்தாள். சுவரில் ஒட்டிய அம்மா-ஆடு படத்துக்குக் கீழே, காலை மடக்கிக்கொண்டு, என் தம்பி பொண்டாட்டி ஹேமாவதி. அவள் மடியில் அவளுடைய பறி. எடை பார்க்கும் மேடைக்குப் பக்கத்தில் நோட்டுடன் நான், சுதா. வெளியே படியில், எங்களுக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்தபடி என் அப்பா செங்கல்வராயன், எங்கள் பேச்சில் நைனா. பெண்கள் கூட்டம் என்பதால் அவர் உள்ளே வரவில்லை. ஆனால் காது உள்ளேதான் இருந்தது.

எங்கள் ஊரில் இறாலைக் கையால் தடவித்தான் பிடிப்போம். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய சின்னக் கூடைதான் பறி. கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் அதன் கயிறு பல்லில் இருக்கும். வாயைத் திறந்தால் பறி கவிழும், காலையிலிருந்து பிடித்ததெல்லாம் ஏரிக்கே போகும். இடுப்பு வலி வந்ததிலிருந்து நான் தண்ணீரில் இறங்குவதில்லை. இப்போதும் நூல் கடித்து அறுக்கும்போது தாடை அந்த வேலையை நினைத்துக்கொள்ளும்.

போன வாரம் புதன்கிழமை ஹேமாவதி வடக்குத் திட்டுப் பக்கம் தனியாகத் துழாவிக்கொண்டிருந்தாள். பெரிய இறால் அங்கேதான் கிடைக்கும். கோவிந்தம்மாவும் மற்றவர்களும் கூப்பிடு தூரத்தில் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்கள். வேலிகாத்தான் புதருக்குள் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவன் வந்தான். முதலில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் ஆழத்தைப் பார்த்துப் பின்னால் பின்னால் போனாள். கழுத்தளவு வந்ததும் அவன் விட்டுவிட்டான். அவள் கத்தவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். வண்டி நம்பர் கேட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. "ஏன் கத்தல?" என்று நைனா அன்றும் கேட்டார், மறுநாளும் கேட்டார். அதற்குப் பிறகு ஹேமாவதி ஏரிக்கு இறங்கவில்லை. கையில் என்ன வைத்துக்கொண்டால் மறுபடி இறங்கலாம் என்று பார்க்கத்தான் அன்றைய கூட்டம்.

"இன்னாத்துக்கு இம்மாம் பேச்சு? மீன் அரியற கத்தி ஒண்ணு இடுப்புல சொருவிக்க" என்றாள் பச்சையம்மா. "வந்தான்னா ஒரே இழுப்பு."

"இழுத்துட்டு? அவன் ஆஸ்பத்திரி, நானு ஜெயிலு. எம் புள்ளைக்கு யாரு சோறு ஊட்றது?" ஹேமாவதி பறியின் கயிற்றை நிமிண்டிக்கொண்டிருந்தாள். "அவன் போவணும் அத்த, நான் வூட்டுக்கு வரணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

அதனால் கத்தி வேண்டாம் என்று முடிவானது. கோவிந்தம்மா கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு டார்ச் கொண்டுவந்திருந்தாள். பட்டனை அமுக்கினால் முனையில் படபடவென்று கரன்ட் ஓடும். ஆளைத் தொட்டால் போதும், சாக மாட்டான், விழுந்துவிடுவான் என்று கடைக்காரன் சொன்னானாம்.

"தண்ணியில நின்னுக்கினு கரன்ட்டைப் புடிக்கச் சொல்றியாக்கா? எறாவும் மெதக்கும், நானும் மெதப்பேன்."

"புடிக்காமயே எறா கெடைக்குதுன்னா மஜாதான்" என்று கோவிந்தம்மா சிரித்தாள். நாற்காலியும் அவளோடு சேர்ந்து ஆடியது.

மிளகாய்த்தூள் டப்பாவை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துத் திறந்து பார்த்தோம். சட்னியாக இருந்தது. நான் போனில் சொல்லி வரவழைத்த பெப்பர் ஸ்ப்ரே நல்லதாகத்தான் தெரிந்தது. மேலே ஒட்டியிருந்த தாளை முழுவதும் படித்துக் காட்டினேன். ஹேமாவதி கையை நனைத்துக்கொண்டு படிக்கு வந்து ஏரிப் பக்கம் நீட்டி அமுக்கினாள். மதியத்துக் கடல்காற்று அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தது. முதலில் நைனாவுக்கு, பிறகு எங்கள் எல்லோருக்கும்.

"அடப் பாவிங்களா! என்னிய முடிக்கவா இட்டாந்தீங்க?" நைனா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தும்மினார். எண்ணினேன், பதினொன்று.

இருமி முடித்ததும் ஹேமாவதிதான் அதையும் ஒதுக்கினாள். "இப்போ கடல்காத்து. காலையில கரைக்காத்து அண்ணி. அவனும் கரையில இருந்துதான் வருவான். அடிச்சேன்னா எம் மூஞ்சிலதான் வுழும்."

இதை ஸ்ப்ரே செய்தவன் யோசித்திருக்க மாட்டான். நானும் யோசிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கடைசியில் மிஞ்சியது விசில். பொன்னேரியில் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது. உள்ளே உருண்டை இல்லாத ரகம், நனைந்தாலும் ஊதும். ஹேமாவதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பறிக் கயிற்றின் நுனியிலிருந்து ஒரு விரல் அளவு தள்ளி அதைக் கட்டினாள். இடது கடவாய்ப் பல்லில் கயிற்றைக் கடித்தாள். வலது ஓரத்தில் விசில் தானாக உதட்டுக்கு வந்தது. பறியை விட வேண்டாம். வாயைத் திறக்கவும் வேண்டாம். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஹேமாவதி படிக்குப் போய், ஏரியைப் பார்த்து நின்று, மூச்சை இழுத்து ஊதினாள்.

அந்தச் சத்தம் சுவர்களில் பட்டு ஊருக்குள் ஓடியது. அடுத்த நிமிஷமே கதவுகள் திறந்தன. பிளாஸ்டிக் டப்பும் அலுமினியக் குண்டானுமாக ஜனங்கள் ஓடிவந்தார்கள். இறால் மேல் போட்ட ஐஸ் தண்ணீர் அவர்கள் முழங்காலில் வழிந்தது. எங்களைத் தாண்டி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ரோட்டுக்கு ஓடினார்கள்.

"வண்டி வந்துச்சா? இன்னைக்கி இன்னா இவ்ளோ ஜல்தி?"

ஆரம்பாக்கத்து இறால் வியாபாரி விஜயராகவனின் வண்டி தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும். டிரைவர் தனசேகர் இறங்கி ஒரு விசில் ஊதுவான். ஏழு வருஷமாக எங்கள் ஊரில் விசில் என்றால் இறால் எடுக்க வண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும் யோசிக்காமல் போய் விசில் வாங்கி வந்தேன்.

கோவிந்தம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ரோட்டில் வண்டியைக் காணாமல் திரும்பியவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தி டப்பைப் படியில் இறக்கிவைத்துவிட்டு, "டபாய்க்கறதுக்கு வேற ஆளே கெடைக்கலியா உங்களுக்கு?" என்று கேட்டாள். ஹேமாவதி சிரிக்கவில்லை. பறி வாயில் தொங்க அவர்கள் ஓடியதையும் திரும்பியதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கயிற்றை எடுத்தாள்.

"பாத்தியா அண்ணி. நான் ஏரியில நின்னுக்கினு ஊதுனா எல்லாம் ரோட்டுக்குப் போறாங்க."

"மூணு தபா ஊது. வண்டிக்கி ஒண்ணு, உனுக்கு மூணு" என்றாள் பச்சையம்மா.

"கையப் புடிச்சி இஸ்துக்கினு இருக்கும்போது எண்ணிக்கினா ஊதுவேன்?"

படியிலிருந்து நைனா திரும்பாமலே பேசினார். "ஒண்ணும் வேணாம். ஆரம்பாக்கத்துல எறா உரிக்கிற எடத்துல ஆள் கேக்கறாங்க. அங்க போ."

"போறேன் மாமா. அங்க ஒருத்தன் வந்து கையப் புடிச்சா அப்புறம் எங்க போறது?"

நான் நோட்டின் நடுவிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். "நாம ஏன் வேற சத்தம் தேடணும்? வண்டிக்காரங்க விசிலை விட்டுடட்டும். வண்டியில ஹாரன் இருக்குதுல்ல."

"விஜயராகவன் ஒர்த்தருதான் நம்ம எறாவை எடுக்கறாரு" என்றார் நைனா. "அவருகிட்ட போயி வூட்டு விசயத்தை எழுதுவியா?"

எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். பொருள் என்ற இடத்தில் 'விசில் ஊதுவதை நிறுத்தக் கோருதல்' என்று போட்டேன். 'ஐயா, சில பாதுகாப்புக் காரணங்களால்' என்று ஆரம்பித்துப் படித்துக் காட்டினேன்.

"அப்டின்னா இன்னா அண்ணி?" என்றாள் ஹேமாவதி.

"அதான்... நடந்தது."

"நடந்ததுன்னா நடந்ததை எழுது. எம் பேரையே போடு. இல்லாங்காட்டி ஹாரன் அடிக்க அவருக்கு இன்னா தலையெழுத்து?"

இன்னொரு தாள் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். குறைவாகத்தான் சொன்னாள். புதன்கிழமை, வடக்குத் திட்டு, பைக்கில் வந்தவன், கையைப் பிடித்தது. கடைசியாகச் சொன்னதை எழுதிவிட்டு உரக்கப் படித்தேன்: 'பறி வாயில் இருந்ததால் நான் கத்தவில்லை.'

படியில் நைனா அசைந்தார். "அதை இன்னொருக்கா படி."

படித்தேன். ஏரிப் பக்கமே பார்த்தபடி கேட்டார்.

"எவ்ளோ எறா இருந்துச்சிம்மா?"

"முக்காக் கிலோ மாமா."

ஒரு வாரத்தில், 'ஏன் கத்தல?' என்பதைத் தவிர, அவர் ஹேமாவதியிடம் கேட்ட முதல் கேள்வி அது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த முக்காக் கிலோவையும் எழுது" என்றார். எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு உள்ளே ஒரு கையை மட்டும் நீட்டி, கடிதத்தைப் படியிலேயே வாங்கி வைத்து, 'செ' என்று ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டார்.

ஐந்து மணிக்குத் தனசேகர் வந்தான். ரோட்டோரம் நின்று விசில் ஊதினான். யாரும் வரவில்லை. மறுபடி ஊதினான். வீடுகளுக்குள்ளிருந்து, "போங்கடி, ஒரு தபா ஏமாந்தது போதும்" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. நானும் ஹேமாவதியும் கடிதத்தோடு ரோட்டுக்குப் போனபோது அவன் வண்டிக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னாக்கா, ஊரே காலியா? எங்கனா கல்யாணமா?"

"வருவாங்க, இரு. இது மொதலாளிக்கி. அவரு கையிலயே குடுக்கணும்" என்று நான் கடித உறையைக் காட்டினேன்.

உறை இன்னும் திறந்தே இருந்தது. கோந்து காய்ந்துபோயிருந்ததால் ஹேமாவதி மத்தியானச் சோற்றில் நான்கு பருக்கையைக் கையில் எடுத்து வந்திருந்தாள். வண்டியின் பின்பலகையில் உறையை வைத்து, கட்டை விரலால் பருக்கையை நசுக்கி, ஓரம் முழுக்கத் தேய்த்து மடித்து அழுத்தினாள். காயும் வரை விரலை எடுக்கவில்லை.

"பதில் வாங்கியாரணுமா?" என்று கேட்டான் தனசேகர்.

"ஆமாண்ணா. வர்ற வரைக்கும் நானு தண்ணியில எறங்கல."

அவன் அவளை ஒரு தரம் பார்த்தான். சட்டைப்பையில் ஐஸ் ஈரம் இருந்ததால் கடிதத்தைக் கண்ணாடிக்கு மேலே சொருகிவைத்தான். கடைசியில் ஹாரன் அடித்துத்தான் ஜனங்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. எடை போட்டு முடிந்து வண்டி கிளம்பியபோது, பின்னாலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தார் ரோட்டில் வளைவு வரைக்கும் ஒரே கோடாகப் போயிற்று. எங்கள் பக்கத்து முனை அதற்குள் உலர ஆரம்பித்திருந்தது. வளைவுப் பக்கம் இன்னும் கறுப்பாக ஈரமாக இருந்தது.