மிஸ் வெர்னெல் மாட்டிக்கொண்ட முகம்

1

"இது யாரோட முகம், கண்ணு?"

மிஸ் வெர்னெல் கேட்டார்; எங்கள் வட்டாரத்தில் வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் 'மிஸ்'தான். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பதிலிலிருந்துதான் இந்தக் கதை கிளம்பியது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் நான்காவது நோட்டு இது.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: நியூ ஆர்லியன்ஸின் ஏழாம் வட்டாரத்தில், சுடப்பட்டு இறந்தவர்களின் அம்மாக்கள் திங்கள்தோறும் தேவாலயக் கூடத்தில் கூடி

வேண்டாம். அதில் நான் இல்லை. அந்த அம்மாக்களோடு மேசையருகே நானும்தான் உட்கார்ந்திருந்தேன். 'அண்ணனுக்காக' என்றேன், மேற்கொண்டு கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

2

அட்டையில் இழுத்துக் கட்டிய துணியில், ஒவ்வொரு பாசிமணியாகத் தைத்து, இழந்தவரின் முகத்தை முகமூடியாகச் செய்வோம். பசை போட்டு ஒட்டினால் மானம் போய்விடும். செய்தவர் அதை மாட்டிக்கொள்ளக் கூடாது. வேறொருவர் மாட்டிக்கொண்டு எதிரே உட்காருவார். செய்தவர் அந்த முகத்திடம் பேச வேண்டும். மிஸ் கஸ்ஸி தன் மகனிடம், "என் இரும்புச் சட்டிய யாருக்குடா தூக்கிக் குடுத்தே?" என்று கேட்டபோது கூடமே சிரித்தது. அவர் மட்டும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

3

மிஸ் வெர்னெலை ரொம்ப நல்லவராக எழுதிவிடுவேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அடுத்தவர் ஊசியை வாங்கினால் அவர் திருப்பித் தருவதில்லை. ஆனால் என் தையல் கோணினால் பிரித்துத் தைத்துத் தந்தார். என் அண்ணனின் தாடையைப் பாதிக்கு மேல் அவர்தான் தைத்தார்.

(அண்ணன் பெயர் கென்ட்ரல். மிஸ் வெர்னெலின் மகன் ரெமியைச் சுட்டவன் அவன்தான். இப்போது சிறையில் இருக்கிறான். எனக்கும் அவனுக்கும் அப்பா வேறு, குடும்பப் பெயர் வேறு. அதனால் அவருக்கு என்னைத் தெரியாது. இதை உங்களிடம் தாமதமாகச் சொல்கிறேன். அவரிடமும் இப்படித்தான் தள்ளிப்போட்டேன். சொன்னால் அந்த நாற்காலி போய்விடும். எனக்கென்று வேறு நாற்காலி எங்கும் இல்லை.)

நீதிமன்றத்தில் அவனைப் பார்த்திருப்பார். நான் நீல மணிகளில் தைத்த முகத்தில் அவனை அடையாளம் தெரிந்துதான் 'யாரோட முகம்' என்று கேட்டாரா?

4

முடிவு ஒன்று: நான் உண்மையைச் சொல்கிறேன். அவர் என்னைக் கட்டியணைத்து

எழுதும்போதே கை கூசுகிறது.

முடிவு இரண்டு: அடுத்த திங்கள் நான் கூடத்துக்கே போகவில்லை.

நான் செய்யக்கூடியதுதான். ஆனால் போனேன்.

5

"தாடைய மட்டுந்தானே நான் தைச்சேன், நானே போட்டுக்கறேன்" என்று மிஸ் வெர்னெல் முகத்தை வாங்கி மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். ஏதாவது ஒரு பொய்ப் பெயர் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒன்றைத் தயாராகவும் வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது இது:

"கென்ட்ரல் அண்ணா, ரெமி உன்னை என்ன பண்ணான்?"

மிஸ் கஸ்ஸியின் ஊசி நின்றது. அந்த முகத்துக்கடியில் இருந்த முகம் எப்படி மாறியது என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும், நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்: மிஸ் வெர்னெல் எழுந்தார், கைப்பையை எடுத்துக்கொண்டார், என் அண்ணனின் முகத்தைக் கழற்றாமலே கதவைத் திறந்து, தெருவில் இறங்கி நடந்தார்.