டிக்கிக்குப் போன பேட்டரி

விடிய இன்னும் நேரமிருந்தது. வெர்னன் ஸ்லோகம் ஒரு காரின் டிக்கிக்குள் இடுப்புவரை நுழைந்து மல்லாந்து கிடந்தபடி, பின்சீட்டுத் தகட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தான். டிரில் சுற்றச் சுற்ற இரும்புத் துருவல் சூடாகக் கழுத்துக்குள் இறங்கியது. சட்டைக்குள் போன மறுகணமே குளிர்ந்தது. பிப்ரவரி மாதத்து ஒஹாயோ. பட்டறையின் ஹீட்டர் ஏழு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். முதலாளி கிரெய்க் டன்லெவி அப்படித்தான் அதில் நேரம் வைத்திருந்தான். ஏழு மணிக்கு முன்னால் அந்தக் கூரைக்கடியில் மனிதர்களே இல்லை என்பது அவன் கணக்கு.

வேலை இதுதான்: பானெட்டுக்கடியில் என்ஜினை ஒட்டி இருக்கும் பேட்டரியைக் கழற்றி டிக்கியில் கொண்டுபோய் வைப்பது. இருபது கிலோ எடை மூக்கிலிருந்து வாலுக்குப் போனால் பின்சக்கரம் தரையை இன்னும் கொஞ்சம் கவ்வும். கால் மைல் பந்தய ஓட்டத்தில் ஒரு நொடியின் நூறில் இரண்டு பங்கு மிச்சமாகும். அந்த இரண்டு பங்குக்காகப் பல் டாக்டர்களும் வீட்டுத் தரகர்களும் பனிக்காலம் முழுக்க டன்லெவி பட்டறையில் கார்களை விட்டுவிட்டுப் போவார்கள். மிச்சப்படுத்திய நேரத்தை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது வெர்னனுக்கு இருபது வருடமாக விளங்கவில்லை.

இந்தத் தொழிலில் நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. வேலைக்கு இத்தனை மணி என்று போட்டிருக்கும். நீ மூன்று மணியில் முடித்தாலும் எட்டு மணியில் முடித்தாலும் அந்த மணிகளுக்குத்தான் கூலி. பேட்டரி மாற்றத்துக்கு ஐந்து மணி என்று இருந்ததை நவம்பரில் கிரெய்க் மூன்றாக்கினான். அவன் தன் வாழ்நாளில் ஒரு பேட்டரியைத் தூக்கி யாரும் பார்த்ததில்லை. பட்டறையில் நாலு பேர். நாலு பேரும் காலை ஐந்து மணிக்கே வந்து, வந்த நேரத்தை நேர அட்டையில் பதிக்காமல் வேலையைத் தொடங்கினார்கள். மற்றவன் தொடங்கியதால் தானும் தொடங்கியதாக ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

அப்படியும் மூன்று மணியில் முடியவில்லை. அதனால் வேலையைக் குறைத்தார்கள். கட்டைவிரல் தடிமன் கேபிள் தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் போடவேண்டும். முதலில் அது போயிற்று. பிறகு சார்ஜ் ஏறும்போது கிளம்பும், பொறி பட்டால் வெடிக்கும் வாயுவைப் பேட்டரிப் பெட்டியிலிருந்து வண்டிக்கு வெளியே கொண்டுபோகும் குழாய். பிறகு, கேபிள் உரசித் தீப்பிடிக்காமல் காக்கும் ஃபியூஸ். போடாதே என்று கிரெய்க் ஒருபோதும் சொன்னதில்லை. வாங்கி வைப்பதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். வாயு கசியாமல் மூடிய பேட்டரிகளுக்குப் பதிலாக மலிவான அமில பேட்டரிகள் வந்து இறங்கின.

மற்ற இருவரான லூரீனும் பீமும் அன்று இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்து வண்டியில் ரோசெண்டோ இபார்ரா வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு ஆள் வந்து எடுத்துப்போகும் கார் அது. ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்தது.

"வெர்ன், இந்த ஆளு காருக்குள்ள தன் நாய் போட்டோவை மாட்டி வச்சிருக்கான் பாத்தியா? பொண்டாட்டி போட்டோ இல்லை!"

"நாய் ஓட்டுமா இருக்கும்."

ரோசெண்டோ சிரித்தான். பெட்டியின் மூடியைத் திறந்தான். சார்ஜர் கிளிப்பைப் பிடித்து இழுத்தான்.

பெரிய சத்தம்கூட இல்லை. டப்பென்று ஒன்று. பிறகு பிளாஸ்டிக் துண்டுகள் சிமெண்டுத் தரையில் விழுந்து உருளும் ஒலி. வெர்னன் வெளியே வந்து பார்த்தபோது ரோசெண்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டிருந்தான். கையுறை புகைந்தது. வெர்னன் அவனைக் கழுத்தோடு பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தொட்டிக் குழாயடியில் தலையை வைத்தான். ஒரு கையால் அவன் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது.

"வெர்ன், கண்ணு இருக்காடா? பாத்துச் சொல்லு, இருக்கா?"

"தண்ணிக்குள்ளயே வை. பேசாதே."

அந்தப் பெட்டியை சனிக்கிழமை கட்டியது வெர்னன்தான். குழாய் போடாமல். தண்ணீர் ஓடிய இருபது நிமிடமும் அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றான்.

*

புதன்கிழமை மதியம் கிரெய்க் அவனை அலுவலறைக்குக் கூப்பிட்டான். மேஜையில் ஒரு டோனட் பெட்டி இருந்தது. பட்டறையில் எவனுக்காவது அடிபட்டால் கிரெய்க் டோனட் வாங்குவான்.

"உக்காரு வெர்ன். எடுத்துக்கோ."

"வேண்டாம்."

"எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்லை. ரோசெண்டோ எனக்குத் தம்பி மாதிரி." நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இதைச் சொன்னான்.

"வலது கண்ணு போயிருச்சு," என்றான் வெர்னன்.

"கேள்விப்பட்டேன். ஆனா ஒண்ணுதான் புரியலை. அஞ்சு நாப்பதுக்கு அவனுக்கு இங்க என்ன வேலை?"

"வேலைதான்."

"பட்டறை தொறக்கிறது ஏழு மணிக்கு."

"பின்கதவுப் பூட்டு நம்பரை நீங்கதானே எங்களுக்குக் குடுத்தீங்க?"

"நம்பிக் குடுத்தேன். நம்ம குடும்பம்னு நெனச்சுக் குடுத்தேன். அதை வச்சு நீங்க விடியக்காலம் பூந்து என்ன பண்றீங்கன்னு நான் காவல் காக்க முடியுமா?"

ஒரு தாளை நகர்த்தினான். நாலே வரி. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பு பட்டறையில் வேலை எதுவும் நடக்கவில்லை. ரோசெண்டோ தன் சொந்தக் காரியமாக வந்திருந்தான். கீழே கையெழுத்திடும் வெர்னன் ஸ்லோகம் அப்போது அங்கே இல்லை.

"நான் அங்க இல்லைன்னு எழுதியிருக்கு."

"இருந்தியா? அட்டையில அப்படி இல்லையே."

"அவன் தலையைப் புடிச்சுக் கழுவினது யாரு?"

"தெரியலையே. தேவதையா இருக்கும்." கிரெய்க் சர்க்கரை ஒட்டிய விரலை நக்கினான். "இதோ பாரு. நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் வர்றான். வேலை நேரத்துல பட்ட காயம்னா ஒரு மாதிரி. இல்லைன்னா வேற மாதிரி. அந்தப் பெட்டியைக் கட்டினது யாருன்னு அவன் இன்னும் கேக்கலை. கேட்டா, நான் பொய் சொல்ற ஆளு இல்லை, உனக்கே தெரியும். அப்புறம், ஒரு ஃபோர்மேன் போடணும்னும் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருக்கேன்."

வெர்னன் பேசாமலிருந்தால் ஆட்கள் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அது அவனுக்கு வாழ்க்கை முழுக்க வசதியாக இருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். கிரெய்க்கை அவனுக்குப் பிடிக்காது. ஆனால் அன்று மாலைவரை, கிரெய்க்கைவிடக் கேவலமாக அவன் கண்ணுக்குப் பட்டது அந்தத் தாளைக் கிழிக்காமல் மடித்த தன் கைதான்.

*

ஆஸ்பத்திரியில் ரோசெண்டோவின் தலை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. இடது கண் மட்டும் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அவன் மனைவி காப்பி வாங்கப் போயிருந்தாள். வெர்னன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"யாரு செத்துட்டா?" என்றான் ரோசெண்டோ. "இப்படி உக்காந்திருக்கே."

"அந்தப் பெட்டியைக் கட்டினது நான். குழாய் போடலை."

"தெரியும்."

"எப்படி?"

"மூடியைத் தொறந்ததும் பாத்தேன். இவ்வளவு நேரா திருகு வைக்கிறவன் இந்தப் பட்டறையில வேற யாரு?" உதடு கோணியது; சிரிப்பு என்று அதைச் சொல்லலாம். "குழாய் இல்லைன்னும் பாத்தேன் வெர்ன். பாத்துட்டுத்தான் கிளிப்பைப் புடுங்கினேன். எட்டு மணிக்கு ஆள் வருவானே. நான் கட்டியிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். எங்க இருந்து போடுவே, உன் வயித்துக்குள்ள இருந்தா?"

வெர்னன் தாளை எடுத்துப் படித்துக் காட்டினான். ரோசெண்டோ கேட்டு முடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"அதுல நீ கையெழுத்துப் போட்டா இந்தக் கட்டிலுக்குக்கூட நான்தான் காசு கட்டணும்," என்றான். "கண்ணைப் பத்தி உன்மேல எனக்குக் கோவம் இல்லை. ஆனா அதுல நீ கையெழுத்துப் போட்டே, ஒத்தைக் கண்ணோடவே வந்து உன்னைத் தேடிக் கண்டுபுடிப்பேன்."

*

வியாழன் காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் லூரீனின் வண்டியும் பீமின் வண்டியும் பட்டறைக்குப் பின்னால் வந்து நின்றன. வயரிங் வேலையில் லூரீனுக்கு மிஞ்சிய ஆள் அந்த மாவட்டத்தில் இல்லை, வாய்க்கும் அப்படித்தான். பீம் வெல்டர். ஆறடி உயரம், பயந்த மனசு. வெர்னன் பின்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"நம்பர் மறந்துபோச்சா?" என்றாள் லூரீன்.

"உள்ள போகலை. ஏழு மணி வரைக்கும் போகலை."

தாளைக் கொடுத்தான். லூரீன் வண்டி விளக்கில் படித்தாள். பெட்டியைக் கட்டியது தான்தான் என்பதையும் வெர்னன் சொன்னான்.

"அதுக்கு உனக்கு மாலை போடணுமா?" என்றாள் அவள். "நவம்பர்லேருந்து நான் பதினாறு வண்டி பண்ணியிருக்கேன். ஒண்ணுலயும் ஃபியூஸ் இல்லை. ராத்திரி படுத்தா அந்த வண்டிங்கதான் வரிசையா வருது."

பீம் தரையைப் பார்த்தான். "நான் பதினொண்ணு. அதுல ஒருத்தன் பின்சீட்டுல குழந்தை சீட்டு மாட்டியிருந்தான். அது கீழதான் கேபிள் போகுது."

மூவர் வாயிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"இன்சூரன்ஸ்காரனுக்கு நாம ஒரு தாள் குடுப்போம்," என்றான் வெர்னன். "எத்தனை மணிக்கு வர்றோம், ஏன் வர்றோம், என்னென்ன போடாம விட்டோம், எல்லாம். மூணு பேரும் கையெழுத்து. அப்புறம் வண்டிக்காரங்களுக்குச் சொல்லணும். ஒவ்வொருத்தனுக்கும்."

"பைத்தியமா உனக்கு?" என்றான் பீம். "நம்ம தப்பை நாமளே எழுதிக் குடுக்கிறதா? இந்த ஜில்லாவுல ஒரு பட்டறையிலயும் நம்மளை அப்புறம் வாசல்ல நிக்க விட மாட்டாங்க. என் பொண்ணுக்கு பல்லுல கம்பி மாட்டியிருக்கு, மாசாமாசம் காசு கட்டணும், தெரியும்ல?"

"தெரியும். அதை மாட்டின டாக்டர் வண்டியும் நாமதான் பண்ணோம்," என்றாள் லூரீன்.

பீம் சிரிக்க நினைக்கவில்லை, ஆனாலும் வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒருத்தன் தனியா எழுதினா அது அவன் தப்பு," என்றான் மெதுவாக. "மூணு பேரும் ஒரே மாதிரி எழுதினா... அப்ப அது நம்மளோட தப்பு மட்டும் இல்லையே."

"இது புரிய உனக்கு இவ்வளவு நேரம் ஆச்சு பாரு," என்றாள் லூரீன், பேனாவை எடுத்தபடி.

ஏழு மணிக்குக் கிரெய்க் வந்தான். வாசலில் மூவர் நின்றதையும் உள்ளே விளக்கு எரியாததையும் பார்த்தான்.

"என்ன, சாமி கும்பிடறீங்களா?"

லூரீன் தாளின் நகலைக் கொடுத்தாள். அவன் நின்றபடியே படித்தான். கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

"இதுல மாட்டிக்கிறது நீங்க. புரியுதா? உங்க கையால பண்ண வேலை."

"புரிஞ்சுதான் எழுதினோம்," என்றான் வெர்னன்.

"நான் ஃபியூஸ் போடாதேன்னு சொன்னேனா? எவனாவது என் வாயால கேட்டிருக்கீங்களா?"

"இல்லை கிரெய்க்," என்றாள் லூரீன். "நீங்க சொல்லவே மாட்டீங்க. உங்க பேச்செல்லாம் டோனட் பத்தித்தான்."

"மூணு பேருக்கும் வேலை இல்லை. வெளிய போங்க. என் இடத்துல நிக்காதீங்க."

"வெளியதான் நிக்கிறோம்," என்றான் பீம். அவன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "ஏழு மணிக்கு முன்னாடி உள்ள இருந்தா நாங்க இங்க இல்லைன்னு எழுதுறீங்க. அதான் வெளியவே நின்னோம்."

இன்சூரன்ஸ்காரன் பத்து மணிக்கு வந்தான். தாளை வாங்கிக்கொண்டான். படித்துப் பையில் வைத்தான். அப்படிப்பட்டவர்கள் எதுவும் சொல்லமாட்டார்கள். எதிர்ப்பக்கத்து டயர் கடையில் வேலை செய்யும் இரண்டு பேர் என்னவென்று கேட்க வந்து, கேட்டுவிட்டுப் போகாமல் நின்றார்கள். அவர்களுக்கும் போன மாதம் மணியைக் குறைத்திருந்தார்கள். ஒருவன் திரும்பிப் போய்க் கடைப் பையன்கள் எல்லோருக்கும் என்று வைத்திருந்த காப்பிக் குடுவையைத் தூக்கி வந்தான்.

முதலாளியின் கணக்கை நம்பாதவர்கள் இந்தத் தொழிலில் தங்கள் வேலைச்சீட்டுகளின் நகலை வீட்டில் வைத்திருப்பார்கள். லூரீன் மூன்று பேர் வீட்டிலிருந்தும் அவற்றை எடுத்துவந்து தன் வண்டி பானெட்டின்மேல் பரப்பி, காற்றில் பறக்காமல் ஸ்பேனர் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண். நாற்பத்தொரு வண்டிகள். முதல் ஆள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினான். இரண்டாவது ஆள் வழக்குப் போடுவேன் என்றான். மூன்றாவது ஆள் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை வழியிலேயே நிறுத்திவிட்டு நேரில் வருவதாகச் சொன்னான்.

"கை மரத்துப் போச்சு," என்று அவள் போனை வெர்னனிடம் நீட்டினாள். "உன் சீட்டுலேருந்து ஆரம்பி."

அவன் போனை வாங்கினான். அந்நிய மனிதர்களிடம் பேசுவதென்றால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மறுமுனையில் மணி அடித்தது. நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை ஏதோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

"யாரு?"

"அம்மா, வண்டியை எடுத்துடாதீங்க. டிக்கியையும் தொறக்காதீங்க," என்றான். "என் பேர் வெர்னன் ஸ்லோகம். அந்த வேலையைப் பண்ணது நான்தான். அதுல என்ன தப்புன்னு சொல்றேன், கேளுங்க."