மண் ஒட்டாத மாலை

அகேலாஸை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னிடம் நியாயம் பேசாதீர்கள். எங்கள் தெகேயா ஊரே அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. கிரேக்க நாடே கூடும் நெமேயாப் போட்டியில் இரண்டு முறை மல்யுத்த மாலை வாங்கியவன். இரண்டு முறையும் மண் ஒட்டாமல்.

மல்லர்கள் நாங்கள் உடம்பில் எண்ணெய் பூசி, பிடி வழுக்காமலிருக்க மேலே மண் தூவிக்கொண்டுதான் களத்தில் இறங்குவோம். எதிராளிகள் எல்லோரும் பயந்து விலகிவிட்டால் மண்ணுக்கு வேலையே இல்லை. எண்ணெய் மினுக்கோடு நின்றபடியே மாலையை வாங்கிக்கொள்ளலாம். மோதி ஜெயிப்பதைவிட அதற்குத்தான் மதிப்பு. மூன்றாம் முறையும் அப்படி வந்தால் சந்தை முனையில் வெண்கலச் சிலை, அடியில் 'மூன்று முறை, மண் ஒட்டாமல்' என்ற எழுத்து என்று ஊர்ச்சபை வாக்குக் கொடுத்திருந்தது.

என் தம்பி பீத்தோன் பயிற்சிக் களத்தில் அவனோடு மோதியவன். கழுத்துப் பிடியில் சிக்கியதும், தோற்றேன் என்று விரலைத் தூக்கினான். எல்லோரும் பார்த்தார்கள். அகேலாஸும் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் திருகினான். இரண்டு வருடமாகத் தம்பி கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாமல் கிடக்கிறான். "வெளையாட்டுன்னா அடி படத்தான் செய்யும்" என்று ஊர் பேசி முடித்துவிட்டது.

எனக்கு வயது முப்பத்தாறு. அவனை என்னால் ஜெயிக்க முடியாது என்று தெரியும். ஜெயிக்கவும் நான் போகவில்லை. அவனை மண் அள்ளவைக்கப் போனேன்.

நெமேயாவில் பெயர் கொடுத்தவர்கள் ஆறு பேர். அகேலாஸ் துணியை அவிழ்த்துவிட்டு எண்ணெயோடு வந்து நின்றதுமே மெகாராக்காரன் வயிற்றுவலி என்றான். ஆர்கோஸ்காரர்கள் இரண்டு பேரும் காரணம்கூடச் சொல்லாமல் நடையைக் கட்டினார்கள். கொரிந்துக்காரன் மட்டும் சற்றுத் தயங்கினான். அகேலாஸ் அவனைப் பார்த்துக் கழுத்தைச் சொடுக்கினான், அவ்வளவுதான், அவனும் போய்விட்டான். மீதி நான்.

எங்கள் ஊர்ச்சபைத் தலைவர் தெமாரேட்டோஸ் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"மிக்கோன், ஒனக்கென்ன பைத்தியமா? நம்ம ஊருப் பையன்டா! ஊருக்கே பேரு. ஒதுங்கிக்க."

"என் தம்பியும் நம்ம ஊருதான் ஐயா."

"அத எதுக்கு இங்க இழுக்குற? செலைக்கு வெண்கலம் வாங்கியாச்சு!"

"அண்டா செஞ்சு வைங்க. எல்லாரும் வெந்நி போட்டுக் குளிக்கலாம்."

அகேலாஸ் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தான்.

"என்னண்ணே, தம்பி பக்கத்துல ஒனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லவா?"

"போடலாம். மொதல்ல மண்ண அள்ளு."

நடுவர் பிரம்பால் தரையைத் தட்டினார். "நீ வெலகலியா?"

"வெலகல" என்றேன்.

கூட்டம் ஊளையிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள்தான் தொண்டை கிழியக் கத்தினார்கள். அழுகின அத்திப்பழம் ஒன்று என் முதுகில் வந்து விழுந்தது.

அகேலாஸ் குனிந்தான். கூடையிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மார்பில் தூவினான். இன்னொரு பிடியைத் தொடையில். மினுக்கு செத்துப்போனது. அவன் முகத்தில் அப்போது வந்த வெறுப்பைச் சொட்டு விடாமல் குடித்தேன். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அப்புறம் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மூன்று முறை விழுந்தால் தோல்வி. முதல் இரண்டு முறை என்னை மூட்டை மாதிரித் தூக்கிப் போட்டான். இரண்டாவது விழுந்ததில் இடது மணிக்கட்டு போய்விட்டது. மூன்றாவதில் அவன் அவசரப்படவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் நிதானமாகக் கொண்டுபோய் முழங்கையில் ஒடித்துவிட்டுத்தான் என்னைக் கீழே தள்ளினான்.

அறிவிப்பாளன் அகேலாஸின் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் கூவினான். மண் ஒட்டாமல் என்று கூவவில்லை. அகேலாஸ் செலரி இலை மாலையைத் தலையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பித் துப்பினான்.

இரண்டு கையிலும் கட்டோடு ஊர் வந்து சேர்ந்தேன். ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கதவில் சாணி அடித்திருந்தார்கள். நான் இல்லாத அத்தனை நாளும் தம்பியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி பார்லிக் கஞ்சிக் கிண்ணத்தை அவன் தலைமாட்டில் ணங்கென்று வைத்தாள்.

"வந்தாச்சுல்ல? இனி ஒங்க பாடு. ஊரக் காட்டிக்குடுத்த வீட்டுக்குள்ள இனிமே நான் கால வைக்கமாட்டேன்."

அவள் போனதும் தம்பி கேட்டான். "அள்ளுனானா?"

"ரெண்டு பிடி."

அவன் கண் பளிச்சிட்டது. "மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே என் கட்டுகளைப் பார்த்தான், பிறகு கஞ்சியைப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோனது.

"ஏண்ணே, இப்ப எனக்கு யாரு ஊட்டுவா?"

நெமேயாவுக்குப் போன வழி முழுக்க எதையெதையோ யோசித்துக்கொண்டே நடந்தேன். இதை யோசிக்கவில்லை.