கரடிக் குரல்

"யாருடி இந்தக் கரடி?" என்று அம்மா கேட்டாள்.

"நான்தாம்மா."

"சளியா உனக்கு?"

கெந்த் நகரில், எங்கள் சமையலறை வானொலியில் நான் பாடிய பாட்டு முதன்முதலாக ஒலித்த அன்று நடந்த பேச்சு இது.

சளியில்லை. என் கணவன் ரொம்பவுட் ஞாயிறு மதியங்களில் கூடம் பிடித்து நடனக் கொண்டாட்டம் நடத்துகிறவன். சொந்தமாக இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினான். முதல் தட்டுக்குக் காசு கேட்காமல் பாட நான் இருந்தேன். 'ஜன்னலைத் திறந்து வை' என்று அவனை நினைத்துத்தான் பாடினேன். பதிவு நடந்தபோது அவன் கூடத்துக்கு விளக்கு தேடி அலைந்துகொண்டிருந்தான்.

போட்டிக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதென்று புதுத் தட்டில் பெயர் போடாமல் வெள்ளைக் காகிதம் ஒட்டுவது அந்தத் தொழிலில் வழக்கம். ரொம்பவுட் ஒரு படி மேலே போய், சுற்ற வேண்டிய வேகத்தையும் போடாமல் விட்டுவிட்டான். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓட வேண்டியதைக் கூடத்தில் தட்டு ஓட்டும் பாஸ்தியான் முப்பத்து மூன்றில் போட்டான். வேகம் குறைந்ததில் என் குரல் தடித்து, தூக்கத்திலிருந்து எழுந்த கரடியாக வெளியே வந்தது.

"நிறுத்தச் சொல்லு!" என்று ரொம்பவுட்டைக் கிள்ளினேன்.

"பேசாம இரு லீவா. அவங்க காலைப் பாரு!"

கூடமே மெதுவாக, மயங்கி ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த அச்சில் '33' என்று பெரிதாகப் போட்டான். ஆண் குரலாகக் கேட்டதால், பாடியவர் என்று இல்லாத ஒருவனின் பெயரையும் போட்டான்: கப்பல்காரன் ஓதோ. பத்திரிகைக்காரர்கள் ஓதோவைப் பார்க்கத் துடித்தார்கள். ஒருநாள் ரொம்பவுட் உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டே சொன்னான்:

"இன்னிக்கு ஓதோவைக் கொன்னுட்டேன்."

"ஐயோ, எப்படி?"

"கடல்லதான். கௌரவமான சாவு."

வீட்டு வாசலில் மலர்க்கொத்துகள் குவிந்தன. என் சாவுக்கு வந்த பூக்களை நானே சாப்பாட்டு மேசையில் அழகாக அடுக்கினேன். ஓதோவால்தான் நிறுவனம் நிமிர்ந்தது, சொந்த வீடு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அதனால் ஒரு ஆசையை வாய்வரை கொண்டுவந்து கொண்டுவந்து விழுங்கினேன்.

போன ஞாயிறு நிறுவனத்தின் இருபதாம் ஆண்டு விழா. அதே கூடம். வழுக்கை விழுந்துவிட்ட ரொம்பவுட் ஒலிவாங்கியில் ஓதோவுக்கு மௌன அஞ்சலி கேட்டான். எனக்கு நானே தலைகுனிந்து நின்றேன். பக்கத்தில் ஒரு தாடிக்காரர் விசும்பினார்.

"நீங்க அவரைப் பாத்திருக்கீங்களா மேடம்?"

"தினமும். கண்ணாடில."

துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்து என் கையைத் தடவிக் கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை. மேடையேறினேன். தட்டின் மேல் இறங்கிக்கொண்டிருந்த ஊசியை, ரொம்பவுட்டின் கையோடு சேர்த்துப் பிடித்தேன்.

"என்ன லீவா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஒரே ஒரு தடவை இதை நாப்பத்தஞ்சுல போடு, ரொம்பவுட். உனக்காகப் பாடினது. என் சொந்தக் குரல்ல நீ இன்னும் கேக்கவே இல்ல."